மாம்பழம் பெருத்துக்கொண்டே போன ராஜ்ஜியம்

முன்னொரு காலத்தில், கழுதைக்குப் பேச்சு வந்து, அதைக் கேட்க மனிதர்களுக்குப் பொறுமையும் இருந்த காலத்தில், தாராளபுரி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தில் காத்தாயி என்று ஓர் உப்புக்காரி. அவளிடம் ஒரு கழுதை. அதற்குக் கோமான் என்று பேர். உப்பு மூட்டையை நக்கி நக்கியே அதற்குப் பேச்சு வந்துவிட்டது. வந்த பேச்சில் இனிப்பு மட்டும் கிடையாது.

காத்தாயியின் புருஷன் பனையப்பன். கூரை வேய்கிறவன். ஏணியைத் தொடவே மாட்டான். தரையில் நின்றபடி கையை நீட்டுவான், கீற்றைக் கட்டிவிடுவான். அப்படி ஓர் உயரம். காத்தாயி அண்ணாந்து பேசுவாள், அவன் குனிந்து கேட்பான். அவள் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மூட்டையை ஒரே கையால் தூக்கி, அவள் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கோமான் முதுகில் வைத்து, "போய்ட்டு வா புள்ள" என்பான். தலைக்கு மேலே போகிற அந்தக் கையைப் பார்ப்பதில் காத்தாயிக்கு ஒரு சந்தோஷம். அதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் நாலு விரற்கடை வளர்ந்துவிடுவான் என்று விட்டுவிட்டாள்.

சித்திரை வெயிலில்தான் ராஜ்ஜிய எல்லைக்கு அப்பால் இருக்கிற உப்பளத்தில் உப்பு பூக்கும். அந்தச் சித்திரையில்தான் மகாராஜா வாரிவழங்கியின் பிறந்தநாளும் வரும். அதனால் அவள் ஒரு பிறந்தநாள் விழாவையும் கண்ணால் கண்டதில்லை. அங்கே என்ன நடக்கும் என்று மற்றவர்கள் சொல்லித்தான் கேள்வி.

என்ன நடக்கும்? அந்த ராஜவம்சத்துக்கு ஒரு வழக்கம். அரியணையில் உட்கார்ந்தவர் 'இல்லை' என்று சொல்லவே கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால்? அதற்கென்றே வேம்பையன் என்று ஒரு சங்கூதி பக்கத்தில் நிற்பான். மன்னர் வாயிலிருந்து 'இல்' என்று வந்ததோ இல்லையோ, 'பூம்ம்ம்' என்று ஊதிவிடுவான். மிச்சம் யார் காதிலும் விழாது. பசிக்கிறது, இலை போடுங்கள் என்று மன்னர் கேட்டாலும் ஊதிவிடுவான். பாவம், மகாராஜா பல நாள் சைகை காட்டித்தான் சாப்பிட்டார்.

பிறந்தநாளன்று மக்கள் அரண்மனை வாசலில் கூடுவார்கள். இடப்பக்கம் நின்று, "வரியைக் குறைக்கணும்!" என்பார்கள். வலப்பக்கம் நின்று, "ஏரிக்கரையை உசத்தணும், சாலை போடணும், ஊருக்கு ஒரு தேர் விடணும்!" என்பார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒரே ஆட்கள்தான். இங்கே கத்திவிட்டு அங்கே ஓடிப்போய்க் கத்துவார்கள். ஒரு சித்திரையில் அப்படித்தான் கத்தினார்கள்.

மன்னர் "ஆகட்டும்" என்றார். மந்திரி ஆமோதரர் "ஆகா" என்றார். மக்கள் "ஆகாகா" என்றார்கள்.

வரி போனது, செலவு வந்தது, கஜானாவில் சிலந்தி குடியேறியது. அப்போதுதான் மந்திரி நிலவறையைத் துழாவி ஒரு செப்பு அண்டாவைக் கண்டுபிடித்தார். மூடியைத் தள்ளினால் உள்ளே ஒரு பூதம். கொடுத்தெடுப்பான் என்று பேர். வெகு மரியாதையான பூதம்.

"பொன்னுதானே? எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள், மகாராஜா."

"வட்டி?" என்றார் மன்னர், கொஞ்சம் பயந்து.

"சேச்சே, அந்த வார்த்தையெல்லாம் நமக்குள் எதற்கு? ஒவ்வொரு தடவை பொன் கொட்டும்போதும், உங்கள் மண்ணில் நிற்கிற ஆளுக்கு ஒரு துளி எடுத்துக்கொள்வேன். எடுத்ததே தெரியாது."

மன்னர் "ஆகட்டும்" என்றார். மந்திரி "ஆகா" என்றார். மக்கள் "ஆகாகா" என்றார்கள். அண்டா 'களுக்' என்றது.

அந்த வருஷம் காத்தாயி உப்போடு திரும்பினாள். பனையப்பன் வாசலில் நின்றான். அவன் மூக்கும் அவள் மூக்கும் நேருக்கு நேராக இருந்தன.

"ஏன் மாமா, குழிக்குள்ள நிக்கிறியா?"

"குழி ஏது? நீதான் புள்ள வளந்துட்ட. கடல் காத்து உனக்கு ஒத்துக்கிடுச்சு."

"கலியாணமாகி வந்தவ இனிமேலா வளருவேன்?"

"அதை விடு. இங்க பாரு!" அவன் ஒரு மாம்பழத்தை எடுத்துக்காட்டினான். "முன்ன ஒரு கைக்குள்ள அடங்கும். இப்ப ரெண்டு கை வேணும். வீட்டு வரி கிடையாது. சாலை போட்டாச்சு. ஏரிக்கரை உசந்தாச்சு. போதாததுக்கு மாம்பழம் வேற பெருத்திருக்கு!"

தெருவில் தண்டோராக்காரன் அதையேதான் முழங்கிக்கொண்டு போனான். "மகாராஜா ஆட்சியிலே மாம்பழம் பெருத்தது! வாழைப்பழம் நீண்டது! வீட்டுக் கூரை உயர்ந்தது!"

பனையப்பன் புதிதாக ஓர் ஏணி வாங்கியிருந்தான். கூரை உயர்ந்துவிட்டதே, வேறு வழி?

கோமான் காதை ஆட்டியது. "பழம் பெருத்துச்சு, கூரை பெருத்துச்சு. என் காது மட்டும் அப்படியேதான் இருக்கு. மகாராஜாவுக்குக் கழுதைன்னா இளக்காரம் போல."

அடுத்த சித்திரை வந்தது. சந்தை வரி வேண்டாம் என்றார்கள், சுங்கம் வேண்டாம் என்றார்கள். ஏழு வகைப் பாயசத்தோடு நித்தம் விருந்து வேண்டும் என்றார்கள், பானகம் கொட்டுகிற அருவி வேண்டும் என்றார்கள். மன்னருக்கும் ஓர் ஆசை இருந்தது. தனக்கு ஆளுயரத்தில் ஒரு பொற்சிலை வைத்துக்கொண்டார்.

மன்னர் "ஆகட்டும்" என்றார். மந்திரி "ஆகா" என்றார். மக்கள் "ஆகாகா" என்றார்கள். அண்டா 'களுக் களுக்' என்றது.

காத்தாயி திரும்பியபோது பனையப்பன் அவள் இடுப்புக்கு வந்தான். மாம்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான்.

"மாமா, உனக்கு என்னமோ ஆயிடுச்சு. வைத்தியர்கிட்ட போவோம்."

"வைத்தியரும் என் உசரந்தான். ஊரே என் உசரந்தான். நீ ஒருத்திதான் கோபுரமாட்டம் நிக்கிற. யாரு வைத்தியர்கிட்ட போகணும், சொல்லு?"

ஊரும் அப்படியே கேட்டது. தெருவில் போனால், "ஏ நெட்டச்சி, மேலே மழை வருதா பாத்துச் சொல்லு!" என்று சிரித்தார்கள். மன்னருக்குக் கிரீடம் நழுவிக் கழுத்தில் மாலையாகிவிட்டதாம். கிரீடமும் வளர்ந்துவிட்டது என்று மந்திரி சொல்ல, அதற்கும் ஒரு விருந்து வைத்தார்களாம்.

"சரி மாமா, வரியே கட்டலயே, இத்தனைக்கும் பொன்னு எங்கேருந்து வருது?"

"அண்டாலேருந்து."

"அண்டாவுக்கு?"

பனையப்பன் கொஞ்சம் யோசித்தான். "அண்டாவுக்கு அண்டாலேருந்துதான்" என்றான்.

அந்த ஐப்பசியில் உப்பு ஊரில் விலை போகவில்லை. எல்லாருக்கும் சிட்டிகை உப்பே மாதக்கணக்கில் வந்தது. காத்தாயி மூட்டையோடு தூரதேசம் போக வேண்டியதாயிற்று. மூட்டையை அவளேதான் தூக்கி வைத்தாள். பனையப்பன் கீழே நின்று, "மெதுவா, மெதுவா" என்று கையை மட்டும் ஆட்டினான்.

போகிற வழியில்தான் தான் உண்டாகியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. உடனே திரும்பலாம் என்றால் நடுவில் மழை, ஆற்றில் வெள்ளம், பிறகு அக்கரையில் காவல் கெடுபிடி. வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வர, தாராளபுரி எல்லையை மிதித்தபோது மறுபடி சித்திரை பிறந்துவிட்டது.

இதற்குள் அங்கே பிறந்தநாள் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போயிருந்தது. அமாவாசைக்கு அமாவாசை கேட்டார்கள். மன்னர் அமாவாசைக்கு அமாவாசை கொடுத்தார். அண்டாவுக்குக் களுக்கென்று சொல்லி வாயே வலித்துவிட்டது.

எல்லையில் கோமான் சட்டென்று நின்றது. "காத்தாயி, காலைப் பாத்து வை."

குனிந்து பார்த்தாள். சாலையெல்லாம் கட்டைவிரல் உயரத்து மனிதர்கள். ஒரு புளியம்பழத்தைப் பத்துப் பேர் பல்லக்கு போலத் தூக்கிப் போனார்கள். ஒரு பக்கம், "கோழி! கோழி!" என்று அலறல். கூட்டம் சிதறி ஓடிற்று.

காத்தாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, வீடு போய்ச் சேர்ந்தாள். முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த, உப்பு அளக்கும் படிக்குக் கீழிருந்து ஒரு துடைப்பக்குச்சி நீண்டது. அதைப் பிடித்திருந்தவன் பனையப்பன். படிக்கு வெளியே ஒரு சேவல் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேவலை விரட்டி, அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"வந்துட்டியா புள்ள! நாடு ரொம்ப வளந்துடுச்சு. நம்ம முற்றத்தையே பாரேன், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு பொழுது ஆகுது. யாருக்கு இருக்கு இவ்வளவு பெரிய முற்றம்?"

காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "மாமா, என் வயித்தைப் பாரு. நம்ம பிள்ளை. பிறந்தா நீ அதைத் தூக்குவியா, அது உன்னைத் தூக்குமா?"

பனையப்பன் அண்ணாந்து அந்த வயிற்றைப் பார்த்தான். துடைப்பக்குச்சி கையிலிருந்து விழுந்தது.

"கோழிதான் வளந்துடுச்சுன்னாங்க" என்றான், மெள்ள. "எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"இருக்கட்டும். கெட்டியாப் பிடிச்சுக்க" என்று அவனைத் தன் கொண்டைக்குள் வைத்தாள். ஒரு சின்ன மூட்டை உப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோமானையும் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குக் கிளம்பினாள்.

அன்று மன்னரின் பிறந்தநாள். அரண்மனை அப்படியே இருந்தது, அதனால் அவளுக்கு நுழைவதில் சிரமம் இல்லை. காவலர்கள் ஈட்டி என்று தர்ப்பைப்புல்லை நீட்டினார்கள். வாசலில் மன்னரின் பொற்சிலை. வைத்தபோது ஆளுயரம்தான், இப்போது அவர்களுக்கு மலை. அரியணையின் நடுவில் கிரீடம் கிடந்தது. அதன் வளையத்துக்குள் தொட்டியில் நிற்பதுபோல மன்னர் நின்றார். பக்கத்தில் மந்திரி. அந்தப் பக்கம் சங்கு, அதற்கப்பால் நிலவறையிலிருந்து கொண்டுவந்து வைத்த அண்டா. வேம்பையன் சங்குக்குள் குடியிருந்தான்.

கீழே கூட்டம் கொசுக்குரலில் கத்தியது.

"வரியைக் குறைக்கணும்!"

"குறைப்பதற்கு வரியே பாக்கி இல்லையே, அப்பா" என்றார் மந்திரி.

"அப்படின்னா வரி கட்டாததுக்குப் பரிசு குடுக்கணும்!"

இதைக் கத்திவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். அவர்கள் ஓடி முடிக்கும்வரை மன்னர் காத்திருந்தார்.

"ஏழாவது தேர் வேணும்! கோழியைத் தடுக்கக் கோட்டை வேணும்!"

மன்னர் "ஆகட்டும்" என்றார். மந்திரி "ஆகா" என்றார். மக்கள் "ஆகாகா" என்றார்கள்.

அண்டா களுக்கென்று சொல்லவில்லை. உள்ளிருந்து புகையாய் எழுந்து, பூதம் கை கூப்பி நின்றது.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. பொன் இருக்கிறது. ஆனால் இங்கே நிற்பவர்களிடம் இனி எடுக்க ஒன்றும் இல்லை. ஆளே கட்டைவிரல்தான். இன்னும் எடுத்தால் ஆளே மிஞ்சாது. அதனால் ஒரு யோசனை. இனிமேல் பிறக்கப்போகிறவர்களிடம் எடுத்துக்கொள்கிறேன்."

மந்திரியின் முகம் மலர்ந்தது. "அற்புதம்! பிறக்காதவர்கள் யாரும் மனுக் கொடுக்க வரமாட்டார்கள், மகாராஜா!"

காத்தாயி வயிற்றின்மேல் கை வைத்தாள். உள்ளே பிள்ளை ஓர் உதை உதைத்தது. அவள் நேரே அண்டாவுக்குப் போனாள்.

"பூதமய்யா, பொன்னையே தின்னு வாழ்றீங்களே, நாக்குச் செத்துப் போகலயா?"

"ஏன் கேட்கிறாய் தாயே" என்றது பூதம். "பொன்னுக்கு ருசியா, மணமா? என்ன செய்வது, தொழில்."

அவள் இடுப்பு மூட்டையை அவிழ்த்து ஒரு கை உப்பை அண்டாவில் போட்டாள். பூதம் நாக்கில் வைத்தது. அதன் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வந்தது.

"எத்தனை காலம் ஆச்சு!" என்றது.

"என் உப்பைத் தின்னாச்சு. இனிமே என்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

பூதம் திருதிருவென்று விழித்தது. உப்புக்குக் கட்டுப்படுவது மனிதர்களைவிடப் பூதங்களுக்கு அதிகம். "கேள்" என்றது சன்னமாக.

"மாம்பழம் வளந்துச்சா?"

"வளரவில்லை. இவர்களுடைய வளர்த்தியைத்தான் நான் எடுத்தேன்."

கூட்டம் தன் கையையும் காலையும் அளந்து பார்த்துக்கொண்டது. கொண்டைக்குள்ளிருந்து பனையப்பன், "நான் அப்பவே நெனச்சேன்" என்றான். அவன் நினைக்கவில்லை. காத்தாயி அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

"எடுத்தது எப்பத் திரும்பி வரும்?"

"கொடுத்ததைத் திருப்பிக் கொட்டினால் எடுத்ததைத் திருப்பித் தருவேன். ஆனால் முதலில் அண்டாவின் மூடி விழ வேண்டும். எனக்கு 'ஆகட்டும்' சொன்ன வாய் மனசார 'இல்லை' என்று மூன்று தரம் சொன்னால்தான் அது விழும்." பூதம் மன்னரைக் கடைக்கண்ணால் பார்த்தது. "அந்த வாய்க்கு அந்தச் சொல் வராது. அதனால்தான் இந்த ராஜ்ஜியத்துக்கு வந்தேன்."

காத்தாயி அரியணை முன்னால் மண்டியிட்டு, கிரீடத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மகாராசா, எனக்கு ஒரு மனு இருக்கு."

"கேளம்மா, தருகிறோம்."

"என் வயித்துல இருக்கிற பிள்ளை இன்னும் ஒரு வாய்ப் பாயசம் குடிக்கல. தேர் பாக்கல. அருவியில நனையல. ஆனா அது உயரத்தை இப்பவே வெட்டி அண்டாவுல போடணுமாம். உங்க கையால வெட்டிப் போடுங்க. நான் கேக்கிறேன், குடுங்க."

"அதெப்படியம்மா..."

"கேட்டவங்களுக்கெல்லாம் ஆகட்டும்னு சொன்ன வாய்தானே? பிள்ளையைப் பாத்துச் சொல்லுங்க மகாராசா."

மன்னர் கிரீடத்தின் முத்தைப் பிடித்து ஏறி எட்டிப் பார்த்தார். எதிரே அந்த வயிறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பாதம் புடைத்து, நகர்ந்து, மறைந்தது. அந்தப் பாதம் மன்னரைவிடப் பெரிதாக இருந்தது. அவர் வாய் 'ஆ' என்று திறந்தது. 'கட்டும்' வரவில்லை.

"இல்..." என்றார்.

"சங்கு!" என்று மந்திரி அலறினார். வேம்பையன் சங்குக்குள்ளே ஓடினான், வளைந்து வளைந்து ஓடி ஊதுவாய்க்கு வந்து, கன்னம் புடைக்க ஊதினான். 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"...லை!" என்றார் மன்னர். "இல்லை! தரமாட்டேன்!"

சபையே நடுங்கிற்று. மூடி தானாக அசைந்து பாதி நகர்ந்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை. யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

மன்னருக்கே ஆச்சரியம். அந்தச் சொல் நாக்கில் எப்படி இருக்கிறது என்று ருசி பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வரி கட்டாததற்குப் பரிசு கேட்டீர்களே. இல்லை. ஏழாவது தேரும் இல்லை."

"இதென்ன அநியாயம்!" என்று இடப்பக்கம் கத்திவிட்டு, அதையே கத்துவதற்காக வலப்பக்கம் ஓடினார்கள். மூடி இன்னும் நகர்ந்தது. ஓர் எலிப்பொந்து அளவு சந்து மட்டும் பாக்கி. அதன் வழியாகப் பூதம் தேன் குரலில் பேசியது.

"மகாராஜா, போகட்டும். ஊருக்கு வேண்டாம். உங்களுக்கென்று ஒன்று செய்யட்டுமா? அந்தச் சிலைக்கு ஒரு வைரக் கிரீடம்? ஊரே குட்டையாக இருக்கும்போது நீங்கள் மட்டும் வானளாவ..."

மன்னர் ஜன்னல் வழியாகச் சிலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோமான்கூட வாசலில் புல் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

"ஆ..." என்றார் மன்னர்.

"ஆகா" என்று மந்திரி ஆரம்பித்தார்.

"ஆசைதான்" என்றார் மன்னர். "ரொம்ப ஆசை. ஆனாலும் இல்லை."

'டமார்' என்று மூடி விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாரும் ஒரே ராத்திரியில் வளர்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. முதலில் சிலை உருகியது. ஏரிக்கரை நல்ல செலவு, இருக்கட்டும் என்றார்கள். தேர்களின் தங்கத்தகடு கழன்றது. பானக அருவி நின்றது, எறும்புகள் மட்டும் வருத்தப்பட்டன. அது போதவில்லை. மறுபடி வரி வந்தது. இருக்கிறவனுக்குக் கூட, இல்லாதவனுக்குக் குறைய. ஒரு காசை நாலு பேர் சக்கரம்போல உருட்டி வந்து, மூடியில் இருந்த ஓட்டை வழியாகப் போட்டார்கள். போட்ட கையோடு ஒரு நெல்லளவு வளர்ந்தார்கள். தர வேண்டியதை ஒளித்து வைத்தவன் அப்படியே நின்றான். பொய்க்கணக்கு சொன்னவன் யார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, கோழியே துரத்திக் கண்டுபிடித்தது. மந்திரி ஆமோதரர் வெகுநாள் முழங்கால் உயரத்திலேயே இருந்தார்.

காத்தாயிக்குப் பெண் பிறந்தது. எல்லாப் பிள்ளையையும் போல முழுப் பிள்ளை. பனையப்பன் அப்போது தொட்டிலை எட்டிப் பார்க்கத் துணிப்பொதிமேல் ஏற வேண்டியிருந்தது. நிலைக்கதவில் மகள் உயரத்துக்கு ஒரு கோடு, அப்பன் உயரத்துக்கு ஒரு கோடு என்று காத்தாயி போட்டுக்கொண்டே வந்தாள். கொஞ்ச காலம் மகள் முந்தினாள், அப்புறம் அப்பன் முந்தினான். ஒருநாள் கடைசிக் காசும் விழுந்தது. பூதம் உள்ளேயிருந்து, "கணக்கு நேர். நல்ல உப்பு, தாயே" என்றது. அதற்குமேல் அண்டாவில் சத்தமே இல்லை.

அடுத்த சித்திரை. காத்தாயி உப்பளத்துக்குக் கிளம்பினாள். பனையப்பன் வந்தான், குனிந்தான், காலி மூட்டைகளையும் கட்டுச்சோற்றையும் நீர்க்குடத்தையும் ஒன்றாகக் கட்டிய பொதியை ஒரே கையால் தூக்கினான். கை அவள் தலைக்கு மேலே போயிற்று. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை சொல்லிவிட்டாள். அவன் ஒரு விரற்கடைகூட வளரவில்லை, காது மட்டும் சிவந்தது.

அரண்மனையில் இப்போதும் பிறந்தநாள் நடக்கிறது. ஒரு கேள்விக்கு மன்னர் 'ஆகட்டும்' என்கிறார், ஒரு கேள்விக்கு 'இல்லை' என்கிறார். 'இல்லை' என்றதும் வேம்பையன் சந்தோஷமாக ஊதுகிறான், பழக்கம் விடவில்லை. மன்னர் வேளாவேளைக்கு இலை கேட்டுச் சாப்பிடுகிறார்.

எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஒரே ஒரு குறைதான். சாயங்காலம் மாமரத்தடியில் கூடினால் பனையப்பன் ஒரு பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

"என்ன இருந்தாலும், அந்தக் காலத்து மாம்பழம் எவ்வளவு பெருசு!"

ஊரே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். கோமான் மட்டும் ஒரு பெரிய கனைப்புக் கனைக்கும். அந்தக் கனைப்பு உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் சரி, கதை முடிந்தது, அவரவர் உயரத்தை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.